எல்லைக் கல்

இப்போது நான் வசிக்கும் பென்டில் ஹில்லில் மழை விட்டதும் வேலியோரக் கல்லிலிருந்து எழும் பாசி மணம், அப்பா கடை வைத்திருந்த அந்த இங்கிலாந்துக் கிராமத்துக்கே என்னை இழுத்துப்போய்விடுகிறது.

வசந்தத்தில் ஊரே தேவாலயத்திலிருந்து புறப்பட்டு, பரம்பரை வழக்கப்படி தடிகளால் ஊர் எல்லைக் கற்களைத் தட்டிக்கொண்டே வயல்களைச் சுற்றும். எல்லை மறக்கக்கூடாதென்று கல்லுக்கொரு பிள்ளையைத் தூக்கி அதன்மேல் தொப்பென்று இருத்துவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். என் முறை நெருங்க நெருங்க அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"அழாதை பிள்ளை, எல்லாரும் பாக்கினம்," என்று அம்மா காதுக்குள் சொன்னார். அவர்தான் என் கையை விடவில்லை.

கல்லின்மேல் இருத்தியபோது நான் அழவில்லை. இப்போது அங்கே வயல்களும் இல்லை, கற்களும் இல்லையாம். அந்த எல்லையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாங்கள் அதற்கு உள்ளே இருந்தோமா, வெளியே இருந்தோமா என்பதுதான் தெரியவில்லை.