ஐயாவின் யுத்தம் மே மாதத்தில் முடியவில்லை

எங்கள் தகப்பனார் ஐயா பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். பிறந்த திகதியில் ஐயாவுக்கே நம்பிக்கை இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. "ரெண்டும் பொய். அம்மா சொன்னது மூண்டாவது" என்பார். ஆகவே ஐயாவின் நினைவாக அச்சடித்த இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் உள்ள திகதியை உறவினர்கள் அளவோடு நம்பவும்.

இளவயதில் ஐயா மலாயா போனார். அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்த தமையனார், அதாவது எங்கள் பெரியப்பா, தன் கந்தோரிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஜெர்மனி போலந்துக்குள் புகுந்ததால் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியது என்று சொல்லும் புத்தகங்கள் என் அலுமாரி நிறைய உண்டு, பாதியாவது வாசித்தவை. ஐயாவின் சரித்திரம் வேறு. "ஸ்டேஷன் துரை 'பயப்பட ஒண்டுமில்லை' எண்டு சொல்லிப்போட்டு, பெண்சாதியைச் சிங்கப்பூருக்கு ரயிலேத்தினான் பார், அண்டைக்குத்தான் சண்டை தொடங்கினது."

பிறகு ஜப்பான்காரர் சைக்கிளில் வந்தார்கள். விழவே விழாது என்ற சிங்கப்பூர் விழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் போட ஆள் பிடித்தார்கள். பெரியப்பாவையும் லொறியில் ஏற்றினார்கள். லொறியில் நின்றபடி அவர் சொல்லி விடைபெற்றது: "தம்பி, போட்டு வாறன்."

வரவில்லை. அணுகுண்டு விழுந்து ஜப்பான் சரணடைந்த பிறகும் வரவில்லை. ஐயா ஊர் திரும்பி, கலியாணம் முடித்து, கொழும்பில் உத்தியோகம் பார்த்து, எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிய, லண்டன் வெம்பிளியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவு காலத்திலும் பெரியப்பாவுக்கு ஒரு பிடி எள்ளு இறைக்கவில்லை. "வாறன் எண்டு சொன்ன மனிசனுக்கு ஆர் திவசம் செய்யிறது?"

எங்கள் வீட்டில் யாரும் 'போட்டு வாறன்' சொல்லக் கூடாது. "வாறதெண்டால் வா. சொல்லாதை." இதனால் நான் தினமும் கள்ளனைப்போல வேலைக்குக் கிளம்பினேன். அழைப்பு மணி அடித்தால் யன்னல் சீலையை நீக்கிப் பார்க்காமல் கதவு திறக்கமாட்டார். சைக்கிளில் வரும் தபால்காரனில் சந்தேகம். செய்தி வாசிப்பவர் சிரித்தால், "அரிசி வாங்கி வை" என்பார். வளைகுடா யுத்தத்துக்கு வாங்கிய பருப்பு இன்னும் முடியவில்லை. நான் வாங்கிய ஜப்பான் தொலைக்காட்சியை, அதன் பெயருக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிய பிறகே பார்த்தார்.

தொண்ணூற்றைந்து மே மாதம், ஜெர்மனி சரணடைந்து ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து ஐம்பது ஆண்டு என்று எங்கள் தெருவில் மேசை போட்டு, கேக் வெட்டினார்கள்.

"வாங்கோ ஐயா, சண்டை முடிஞ்ச கொண்டாட்டம்" என்றேன்.

"ஆருடைய சண்டை?" என்று யன்னலுக்குப் போனார். அங்கிருந்துதான் கண்டுபிடித்தார்: பக்கத்து வீட்டு டொரீன் கிழவியும் வெளியே வரவில்லை. "கேக்குக்கு வராத வெள்ளைக்காரி. இதிலை என்னவோ இருக்கு."

அந்தச் சந்தேகம் ஓகஸ்ட் வரை நீண்டது. ஜப்பான் சரணடைந்த நாளன்று டொரீன் தன் வாசலில் தனியாக ஒரு கொடி கட்டினார். ஐயா என்னைச் சாட்சிக்கு இழுத்துப்போய், வேலிக்கு மேலால் தன் ரயில்வே ஆங்கிலத்தில் நேரே கேட்டார், ஏன் மே மாதம் கட்டவில்லை என்று.

"என் அண்ணன் சயாமில் தண்டவாளம் போடும் கைதியாக இருந்தான்" என்றார் டொரீன். "எங்களுக்கு மே மாதத்தில் ஒன்றும் முடியவில்லை."

ஐயா வேலிக்குக் கிட்டப் போனார். "உங்கள் அண்ணன் அங்கே தமிழர்களைக் கண்டாராமா?"

"ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குடில்கள். பின்னேரங்களில் பாட்டுக் கேட்குமாம். பிறகு வாந்திபேதி வந்தது. ஒருநாள் பாட்டு நின்றுவிட்டது என்றான். அதற்கு மேல் சொல்லமாட்டான்."

ஐயா நன்றி சொல்லி உள்ளே வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. "அண்ணை நல்லாப் பாடுவார்" என்றார். பிறகு, "விம்பிள்டன் கோயில் ஐயரோடை கதைச்சுப் பார்" என்றார்.

பெரியப்பாவின் திதி தெரியாததால் ஐயர் திவசத்தை அமாவாசையில் செய்யச் சொன்னார். எள்ளு புதிதுதானா என்று ஐயா விசாரித்தார். பிறகு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மந்திரத்துக்கு நடுவே, "அண்ணை, இனி வராட்டிலும் பறவாயில்லை" என்றார்.

இந்த மாரிக் குளிரில் நெஞ்சு நோய் கடுமையாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "தம்பி, நான் போறன்" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

"ஏன்? நீயும் அம்பது வருசம் வாசலைப் பாக்கவோ?"

ஐயாவைப் பராமரித்த தாதிமாருக்கும், சோறு கறி சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து குளிரில் பஸ் மாறி வந்த மச்சாள் குடும்பத்துக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்ற வழக்கப்படி எல்லோரும் சொல்லாமலே போனீர்கள். ஐயாவுக்கு அது பிடித்திருக்கும். வாசலில் சொல்ல முடியாத நன்றியை இங்கே சொல்கிறோம்.

டொரீன் மட்டும் வழக்கம் தெரியாமல், "பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யன்னல் சீலையை நீக்கி வைத்திருக்கிறேன்.