லைன் பார்க்கிறவள்

என் மகளின் அலுவலகம் பெங்களூரில். அவள் உட்கார்ந்து வேலை செய்தது சித்தூரில், எங்கள் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில். இந்த அதிசயத்தை நான் இரண்டு வருடம் அலுக்காமல் வேடிக்கை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு, மேலே இஸ்திரி போட்ட சுடிதார் டாப்பும் கீழே வீட்டில் போடுகிற பழைய பேண்ட்டுமாக லேப்டாப்பைத் திறப்பாள். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், முகம் தெரியாத யாருக்கோ, அவர்கள் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பொறுமையில் கால்வாசியைக்கூட என்னிடம் காட்டியதில்லை.

அவள் அப்பா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் பெங்களூரில் ஹாஸ்டலில் இருந்தவள். எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலத்தில் பெட்டியோடு வந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். அவளை இங்கே பிடித்து வைத்திருந்தது வீட்டுக்குள் வந்த இன்டர்நெட் லைன் ஒன்றுதான். அது கெட்டால் அவளும் போய்விடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

லைன் விஷயத்தில் நான் சும்மா ஆள் இல்லை. சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம், வீட்டுத் தமிழ், தெருத் தெலுங்கு, மூன்றும் ஒரே மூச்சில் வரும் என்பதால் எடுத்தார்கள். கங்காதர நெல்லூரிலிருந்து ஒருவர் மெட்ராஸுக்கு கால் புக் செய்தால், கார்டு என்கிற வயரைப் போர்டில் சொருகி இரண்டு பக்கத்தையும் நான்தான் சேர்த்து வைப்பேன். சேர்த்துவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது. நடுவில் ஒருமுறை சாவி என்கிற சுவிட்சைத் தள்ளி, பேச்சு ஒழுங்காகப் போகிறதா என்று காதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சும்மா கிடக்கிற லைன் எல்லாம் நல்ல லைன்தான், ஆட்கள் பேசும்போது பார்ப்பதுதான் லைன் பார்ப்பது என்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா அடித்துச் சொல்லுவார். பேசுகிறவர்களுக்கு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். நாங்கள் கேட்பது லைனை, பேச்சை அல்ல என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். ஊரில் யார் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது வேறு விஷயம்.

பிறகு மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத் வந்தது. ஜனங்கள் தாங்களே நம்பரைப் போட்டு குவைத்துக்கும் பம்பாய்க்கும் பேசினார்கள். போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள், என்னைப் புகார் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை செத்த லைன், கரகர லைன், பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கிற லைன் என்று எழுதித் தள்ளினேன். அந்த வேலையை நான் வெறுத்ததே இல்லை. ஒரு லைன் ஏன் கெட்டது என்று தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு.

அந்த வருடம் மாம்பழ சீசன் தொடங்குகிற நேரத்தில் பழைய கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். போட வந்தவர் தெலுங்கர், நாற்பது வயதிருக்கும், பேச்சில் பாதி தமிழ். வேலை முடிந்ததும் என் போனை வாங்கி ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். "இத அழுத்துங்கம்மா, ஸ்பீட் எந்த வஸ்துந்தோ சூபிஸ்துந்தி," என்றார். எவ்வளவு ஸ்பீட் வருகிறது என்று அது காட்டுமாம். அழுத்தினேன். ஒரு முள் சரசரவென்று ஏறி நாற்பதில் நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் லைனைக் காதால்தான் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரத்தில் தொந்தரவு ஆரம்பித்தது.

"கஸ்டமர்கிட்ட பேசிக்கினு இருக்கும்போதே வாய்ஸ் கட்டாவுதும்மா. நான் பேசறது ரோபோ பேசற மாதிரி கேக்குதாம்," என்றாள் மகள்.

தினமும் நான்கு தடவை, ஐந்து தடவை. பழைய கேபிளில்கூட இப்படி ஆனதில்லை. அவளுடைய மேனேஜர் இரண்டு வாரம் கெடு வைத்தார். கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் பேசுகிற ஒரு போன் காலை மேலதிகாரிகள் முழுதாகக் கேட்பார்கள். அதுவும் விட்டு விட்டு வந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து பெங்களூர் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். மகள் இதைச் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு கீற? மொதல்ல துன்னு," என்றாள்.

"லைன நான் பாத்துக்கறேன்," என்றேன்.

முதலில் ரவுட்டர் மேல் கை வைத்தேன். அதை ஹாலில் ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள், வேத வசனப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே குரோஷா உறை போட்டிருந்தேன். எங்கள் சபையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். ரேடியோவோ மிக்ஸியோ டிவியோ, சொந்தக் கையால் பின்னிய உறை இல்லாமல் வைத்தால் பார்க்க என்னவோ போல இருக்கும். தொட்டேன், சுட்டது. உறையைக் கழற்றி, ரவுட்டரை வெளியே எடுத்து, மகள் அறை வாசலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். இதுதான் கோளாறு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு காபி குடித்தேன். மறுநாள் பதினொரு மணிக்குள் இரண்டு தடவை பேச்சு அறுந்தது.

அடுத்து வைஃபை மேல் சந்தேகம். நீளமான வயர் ஒன்று வாங்கி, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக இழுத்துச் சொருகினேன். அப்போதும் அறுந்தது. எனக்கு இது பெரிய தகவல். கோளாறு காற்றில் இல்லை என்று ஒன்றைக் கழித்துவிட்டேன் அல்லவா? வயர் தடுக்கி மகள் ஒருமுறை விழப் பார்த்ததை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஃபைபர்காரரைக் கூப்பிட்டேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் லைன் முருங்கைக் கிளையில் மாட்டி மடங்கியிருந்தது. ஃபைபர் மடங்கினால் உள்ளே வெளிச்சம் சரியாகப் போகாதாம். அதை நிமிர்த்திக் கட்டினார், ரவுட்டரையும் மாற்றினார். "லைன்ல ஏமி லேதும்மா," என்று கையைத் துடைத்துக்கொண்டார். லைனில் ஒன்றுமில்லை என்று நானும் வருடக்கணக்கில் ஜனங்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அவரிடமிருந்து ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். ஆப்பில் ஸ்பீடுக்கு மேலே சின்னதாக இன்னோர் எண் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். இங்கிருந்து ஒன்றை அனுப்பினால் அது போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அந்த எண் என்றார். உடனே எனக்கு அந்தக் காலத்தில் போர்டில் சேர்த்து வைத்த குவைத் கால்கள் ஞாபகம் வந்தன. குரல் கணீரென்று இருக்கும், ஆனால் தாமதமாக வந்து சேரும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மூன்று நிமிடமும் 'சொல்லு, நீ சொல்லு' என்பதிலேயே தீர்ந்துவிடும். அப்படியானால் ஸ்பீட் ஒன்று, தாமதம் வேறு. நாற்பது, நாற்பது என்று முள்ளைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

பிறகு புகார் பிரிவில் செய்ததையே செய்தேன். ஒரு நோட்டு எடுத்து, நான் சோதித்த ஒவ்வொரு நேரத்தையும் முள் காட்டியதையும் எழுதினேன். மகளும் ஆபீஸுக்குக் காட்டுவதற்காகப் பேச்சு அறுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன்.

பத்து நாற்பத்திரண்டு, பேச்சு அறுந்தது. பத்து நாற்பத்திரண்டு, நான் சோதித்தது. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு ஐந்து. மூன்று இருபது. மூன்று இருபது. தாள் முழுக்க இப்படியே இருந்தது.

அவள் அறைக்குள் பேச ஆரம்பித்தால் நான் சமையலறையிலிருந்து ஆப்பை அழுத்துவேன். ஆட்கள் பேசும்போதுதானே லைனைப் பார்க்க வேண்டும்? அப்படித்தானே எனக்குப் பழக்கம்?

ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. தடா என்கிற ஊரில் இருக்கும் என் தம்பியை மகளின் பழைய போனிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டேன். அவன் தன் மாடு சினைப்பட்டதை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மடியில் இருந்த என் போனில் ஆப்பை அழுத்தினேன்.

"யக்கா, உன் மூஞ்சி அப்பிடியே நின்னு போச்சு. வாய தொறந்துக்கினு கீற," என்றான்.

விட்டேன், சரியானது. அழுத்தினேன், நின்றது. ஏழு தடவை செய்தேன். மாட்டுக் கதையை அவன் ஏழு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். அதற்குப் பிறகுதான் இத்தனை நாளும் லைனைக் கெடுத்தது நான்தான் என்பது உறைத்தது.

மறுநாள் காலை ஃபைபர்காரருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பீட் எவ்வளவு என்று பார்க்க அந்த ஆப் லைன் முழுக்க எதையாவது நிரப்பி அனுப்புமாம். சீசனில் எங்கள் ஊர் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை நிற்கும்போது ஒரு சைக்கிள்கூட நடுவில் நுழைய முடியாது. என் மகளின் குரல் அந்த சைக்கிள். டிராக்டர்களைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்.

சத்தமில்லாமல் சோதிப்பதை நிறுத்திவிட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. லைன் தானாகச் சரியாகிவிடும். ரவுட்டரை இடம் மாற்றிய பெருமைகூட எனக்குக் கிடைக்கும். அந்த யோசனையோடு ஒரு நாள் இருந்தேன். அடுத்த நாள் மகள் ஃபைபர்காரர் மேல் அவர் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினாள். அவர் வேலை தெரியாதவர், இன்னொருவரை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள். பொய்ப் புகார் எழுதுகிறவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்!

"அத அனுப்பாத. நான்தான் கெடுத்தேன்," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே வந்தாள். பக்கம் திரும்பத் திரும்ப அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் எப்ப பேச ஆரம்பிக்கறேன்னு கரெக்டா உனக்கு எப்பிடிம்மா தெரியுது?" என்றாள்.

"கதவாண்ட சத்தம் கேக்குதே," என்றேன். அவள் நோட்டை மூடி வைத்தாள்.

ஆப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை என்னை நானே நம்பவில்லை. பத்தரைக்கே போனை வீட்டில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். வேண்டாத காயெல்லாம் வாங்கினேன். தெரிந்தவர்களை வலியப் பிடித்து வைத்துப் பேசினேன். பன்னிரண்டரைக்கு வீடு திரும்பியபோது மகள் ஹாலில் நின்றிருந்தாள்.

"ஒரு வாட்டிகூட கட்டாவலம்மா. வூட்ல இருந்தே செய்யின்னு சொல்லிட்டாங்க."

ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். காய்ப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கன்னத்தைத் தடவினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நான் போறேம்மா. ஒண்ணாந்தேதி ஆபீசுக்கே போறேன்னு நானே சொல்லிட்டேன்."

"லைன்தான் சரியாயிடுச்சே?"

"அதனாலதான் சொல்ல முடியுது. லைன் கெட்டுப்போய் இருந்தா அது மேல பழிய போட்டுட்டு போயிருப்பேன்."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. ஒவ்வொரு கால் முடிஞ்சதும் நீ வந்து நிக்கற. நான் நல்லா பேசனேனா இல்லியான்னு உன் மூஞ்சிய பாத்துதான் எனக்கே தெரியுது. இன்னிக்கு நீ வூட்ல இல்ல. ரெண்டு வருசத்துல இன்னிக்குதாம்மா நான் பேசனத நான் மட்டும் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவள் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை, ஏனென்றால் அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஹாலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காலை அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் பலமனேர் தாண்டியிருக்கும் என்று தோன்றிய நேரத்தில் போனைக் கையில் எடுத்தேன். எடுத்ததைத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். மூன்று நாள் நான் கூப்பிடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. நான்காம் நாள் அவளே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள்.