வாலில்லாத கொட்டை

லா சப்பல் மெட்ரோ வாசலில் பயண அட்டையை எடுக்க ஷிரோமி கோட்டுப் பைக்குள் கையை விடும்போதெல்லாம், அட்டைக்கு முன்னால், பூங்கா மரத்தடியில் பொறுக்கிய ஒரு மரோன் கொட்டை வெளியே வந்து விழும். பின்னால் நிற்பவரின் காலடிக்கு அது உருண்டு போகும். “பர்தோன்” என்று மன்னிப்புக் கேட்டபடி குனிந்து எடுத்து, முதலில் அதைத் துடைத்துவிட்டுத்தான் அட்டையைத் தேடுவாள். இலையுதிர் காலம் முடியும்வரை அந்தக் கோட்டில் கைக்குட்டைக்கு இடமில்லை.

வார நாட்களில் சென் தெனியில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. ‘இலை’ என்று பலகையில் எழுதிக் காட்டுவதோடு அவளுக்கு மனம் ஆறாது. பூங்காவுக்குக் கூட்டிப்போய், “காதுக்குக் கிட்ட வைச்சு நொருக்கிப் பாருங்கோ. பழசு பப்படம் மாதிரிக் கத்தும், புதுசு வாயே திறக்காது” என்பாள். மழை பெய்தால் இன்னும் நல்லது, நத்தை வரும். பிள்ளைகள் சேறும் சிரிப்புமாகத் திரும்புவார்கள். பெற்றோருக்குச் சேறு மட்டும் தெரியும்.

போன சனிக்கிழமை, மரோனில் தீக்குச்சி குத்தி ஆடு மாடு செய்யச் சொல்லி ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்து அனுப்பினாள். வாயில் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னவள், தாய்மாரிடம் சொல்லவில்லை. வகுப்புப் பிள்ளை ரோசாலி கொட்டைப் பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். அவளுடைய அம்மா அஜந்தா பார்த்தாள்: பளபளவென்று மண்ணிறக் கொட்டைகள். பலாக்கொட்டை என்று நினைத்து, தோலுரித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்துவிட்டாள். அப்பா றொபின்சன் ஒரு வாய் வைத்ததும் துப்ப ஓடினார். விழுங்காதது எல்லாருக்கும் நல்ல காலம்.

இன்று வகுப்புப் பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா, றொபின்சனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“பிள்ளை, இனிப் பூங்கா வேண்டாம். எழுத்தைப் படிப்பியுங்கோ, அது காணும்.”

“கறி வேப்பெண்ணெயிலை காய்ச்சின மாதிரி,” என்றார் றொபின்சன். “நஞ்சாமே, ரீச்சர்?”

“ஓம் அண்ணை, நஞ்சுதான். வீட்டுக்காரருக்கும் நான் சொல்லியிருக்கோணும். என்ரை பிழைதான்.” கிழமை முழுக்க ஷிரோமி ஊராரின் குப்பைக்கூடைகளைக் கொட்டுவதே இந்தப் பூங்கா நேரத்தை நினைத்துத்தான். “ஆனா எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது எண்டு ஒருக்காப் பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ.”

இன்றைய பாடத்துக்காக அவள் சந்தையில் ஷத்தேன் வாங்கி, தோலோடு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். மரோனுக்கு அண்ணன் தம்பி போலிருக்கும், ஆனால் சாப்பிடலாம். இரண்டையும் ஒரு துணிப்பைக்குள் கலந்து நீட்டினாள். ரோசாலி கண்ணை மூடிக் கையை விட்டாள்.

“வால் இல்லை. மரோன். ஆடு செய்யலாம்.” அடுத்ததை எடுத்தாள். “நுனியிலை வால் இருக்கு. ஷத்தேன். சாப்பிடலாம்.” பிறகு தகப்பனிடம் திரும்பினாள். “பப்பா, இப்ப நீங்கள். களவாப் பாக்கக்கூடாது.”

றொபின்சன் பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர் சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கண்ணை மூடி ஒன்றை எடுத்து, பெருவிரலால் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“வால்... இருக்கு.”

“நிச்சயமே?” மகள் விடுவதாயில்லை.

“ஓமம்மா, இருக்கு.”

ஸ்ரீஸ்கந்தராசா செருமினார். “அப்ப தம்பி அதைச் சாப்பிட்டுக் காட்டட்டும். பிறகு பூங்காவைப் பற்றிக் கதைப்பம்.”

றொபின்சனின் கை வாய்வரை போய் நின்றது. அந்தக் கை போன கிழமைக் கறியை இன்னும் மறக்கவில்லை.

ஷிரோமி கொட்டையை அவரிடமிருந்து வாங்கி, நுனியைத் தன் விரலாலும் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். தோலை உரித்தாள். இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டு மென்றுகொண்டே மற்றப் பாதியை அவரிடம் நீட்டினாள்.