அப்பா இறுக்கிக் கட்டிய வள்ளம்

நீர் வற்றிய ஓடையின் சேறு அழுகிய முட்டைபோல நாறும். ஆக்லாந்தின் மேற்கில், ரானுயி என்ற புறநகருக்குக் கிட்ட இருந்த அந்தக் கடலோடையை, ஒரு காலத்தில் மரம் ஏற்றிய படகுகள் போய்வந்த சரித்திர நீர்வழி என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கோ அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் கோபம்தான் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்பா ஒரு பழைய மரப்படகு வாங்கினார். நீளமாய், ஒடுக்கமாய், நடுவில் சின்ன அறையோடு இருந்த அதை அவர் "வள்ளம்" என்றே சொன்னார். பருத்தித்துறைக் கரையில் பிறந்து, படகிலேயே வளர்ந்து, சண்டைக்குத் தப்பி வந்து இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்த மனிதருக்கு, இந்த நாட்டில் யாரிடமும் கேட்டுப் படிக்காமல் செய்யத் தெரிந்த ஒரே வேலை படகோட்டுவதுதான். கடலென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாகூட முதல் ஞாயிற்றுக்கிழமை தானும் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், ஓடை தளும்பி நின்ற நேரத்தில், அப்பாவும் நானும் வள்ளத்தைப் பழைய மரத்துறைக்குக் கொண்டுவந்தோம். முன்னும் பின்னும் கயிறு போட்டு, துறையின் கால்களோடு அப்பா இறுக்கிக் கட்டினார்.

"இனிப் புயல் வந்தாலும் அசையாது, பிள்ளை" என்றார்.

எங்கள் ஊரில் அப்படிக் கட்டலாம். அங்கே கடல் ஏறி இறங்கும் "வத்துப்பெருக்கு" முழங்காலளவுதான். இங்கே அரை நாளுக்குள் ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கிவிடும். கயிற்றை நீளமாக விடாவிட்டால் படகு அந்தரத்தில் தொங்கும். ஓடை வற்றுவதை அப்பா பார்த்திருக்கிறார்தான், ஆனாலும் கை ஊர்ப் பழக்கத்தில் போய்விட்டது.

பக்கத்துப் படகுக்காரனுக்கு இது தெரியும். மடிப்பு நாற்காலியில் தேநீர்க் கோப்பையோடு இருந்து, முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை பார்த்துக்கொண்டே இருந்தான். நாங்கள் புறப்பட்டபோது கை காட்டினான். நாங்களும் காட்டினோம்.

மறுநாள் காலை அம்மா புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். ஓடை வற்றிக் கிடந்தது. தொங்கிய பாரம் தாங்காமல் கயிறு பக்கப் பலகையையே பிய்த்தெடுத்திருக்க, வள்ளம் அறை நிறையச் சேற்றோடு ஒருக்களித்துக் கிடந்தது. "இதுக்கோ இவ்வளவு துள்ளினனீங்கள்" என்று தொடங்கிய அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

படகுக்காரன் இறங்கி வந்தான். இறுக்கிக் கட்டியதைத் தான் கவனித்ததாகவும், உங்கள் ஆட்கள் அப்படித்தான் கட்டுவார்களாக்கும் என்று நினைத்து, மரியாதைக்காகத் தலையிடாமல் இருந்துவிட்டதாகவும் ஆங்கிலத்தில் சொன்னான். மரியாதையாம், மண்ணாங்கட்டி. அதைவிடக் கொடுமை, அப்பா அவனுக்கு நன்றி சொன்னது. பருத்தித்துறையில் ஒருவன் கயிற்றைப் பிழையாகக் கட்டினால் கரை முழுவதும் திட்டும். முகம் பார்க்காத பகையாளிகூட ஏசிக்கொண்டே வந்து அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போவான். அதற்குப் பிறகு அப்பா படகைத் தொடவே இல்லை.

இப்போது அந்த மரத்துறை இல்லை. ஓடைக்கரை நெடுகச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். போன மாதம் அப்பாவோடு அதில் நடந்தபோது, நிறைந்த தண்ணீரில் ஒரு பையன் தன் சிறு படகைப் பாதைக் கம்பியோடு ஒட்டக் கட்டிக்கொண்டிருந்தான். அப்பா நின்றார், கயிற்றைப் பார்த்தார், பிறகு நடந்தார்.

"குறுக்கித்தானே கட்டுறான், அப்பா?"

"ஓம்."

"சொல்லேல்லையோ?"

"அது அவையின்ர விசயம், பிள்ளை. நாங்கள் ஏன் தலையிடுவான்?"

வள்ளம் போனதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஊரில் கரை முழுக்கக் கேட்கக் கத்தக்கூடிய வாய் அப்பாவுடையது. வந்த ஆத்திரத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. திரும்பி ஓடிப்போய், "கயித்தை இளக்கடா, தண்ணி வத்தப்போகுது" என்று அந்த வெள்ளைக்காரப் பையனைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினேன்.