ஆடியில் எழுதிய மனு

என் முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கிலீஷ் படித்தவன் என்று பெரம்பலூர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த நான், என் பாஸ்போர்ட் மனுவைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

உலகச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்குக் கம்பவுண்டர் வேலை கிடைத்திருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், "வூட்ல யார் யாரு?" என்று கேட்டார். எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆடி பிறக்கப் போகிறதென்று மாமனார் வந்து என் மனைவியை விக்கிரமங்கலத்துக்கு அழைத்துப் போயிருந்தார். நானே பொங்கி நானே தின்றுகொண்டிருந்த எரிச்சலில், "நான் ஒருத்தன்தான்" என்றேன். மனிதர் 'கல்யாணமாகாதவர்' என்று எழுதிவிட்டார்.

ஆவணி பிறந்ததும், அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லிப் போனபோதுதான் அது தெரிந்தது. அதிகாரி காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆடியில கல்யாணமாவல. ஆவணியில பொண்டாட்டி இருக்கு. எப்பய்யா தாலி கட்டுன?"

"ஆனியிலங்க."

"அப்ப ஆடியில எழுதுனது பொய்யி."

கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். அச்சடிக்க எவ்வளவு நேரமாகும் என்றார். எவளோ ஒருத்தியை மனைவி என்று எழுதிக் கப்பலேற்றுகிறவர்கள் உண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் பெண் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி. பொய் எழுதியதற்குப் போலீஸ் தனி.

அன்று, நான் அப்போது வேலை பார்த்த டாக்டரிடம் இருமலுக்கு வந்தவருக்குப் பேதி மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த மருந்தே தேவைப்படவில்லை. பயமே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அரியலூருக்குப் பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. மாமனாரிடம் வாயைத் திறக்கவில்லை; சும்மா அழைத்துப் போக வந்தேன் என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் மட்டும், 'நான் ஒருத்தன்தான்' என்று சொன்னது உட்பட, எல்லாவற்றையும் கொட்டினேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மேடு வந்த இடமெல்லாம் பஸ் நின்று மூச்சு வாங்கியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியவள் பெரம்பலூர் வந்துதான் முகத்தைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் நின்றோம். வாசலில் ஒரு போலீஸ்காரர் வேறு எதற்கோ வந்து உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

"ஏம்மா, இவரு ஒனக்கு யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். கிணற்றில் விழுந்த குடத்தை எட்டிப் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல் பார்த்தாள். கப்பல் போயிற்று, வேலை போயிற்று, ஜெயிலில் களி வெந்துகொண்டிருக்கிறது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்டுக்காரருங்க" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். என் பெயருக்குக் கீழே அவள் பெயர் ஏறியது.

வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "அவ்ளோ நேரம் என்னடி யோசன? எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு."

"ஒருத்தரா இருந்தா எப்படி இருப்பீங்கன்னு பாத்தேன்."