அங்காளம்மன் கொடுத்த பட்டாளம்

என் அத்தை பட்டாளத்தில் சேர்ந்தது அங்காளம்மன் உத்தரவினால் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. அந்த உத்தரவை எடுத்துக் கொடுத்தவள் நான். எண்பதுகளின் நடுவில், இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெரிய மனுஷி.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். யாரிடமும் மூச்சு விடாமல் பரீட்சை எழுதி, ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தேர்வாகியும் விட்டாள். பெரியப்பாவோ கிளியனூரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையை அவளுக்காகப் பார்த்து வைத்திருந்தார். செல்லத் தங்கையிடம் நேராக ‘போகாதே’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முதலில் எந்தப் படை என்று முடிவாகட்டும், அப்புறம் மற்றதைப் பேசலாம் என்றார்.

“எனக்குக் கெடச்சது தரைப்படைதாண்ணா. வேற படையெல்லாம் கெடையாது.”

“மாத்திக் கேட்டா குடுக்க மாட்டாங்களா? ரேஷன்லயே பச்சரிசிய மாத்திக் குடுக்கறான்!”

ஒரு வாரம் எங்கள் கூடம் யுத்த களமாக இருந்தது. வெள்ளை உடுப்புக்காக அப்பா கப்பல் படை என்றார்.

“விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள எலுமிச்சம்பழத்த மோந்துக்கினு வாந்தி எடுக்கறவ, கப்பல்ல போவாளா?” என்றார் பெரியப்பா. அப்பா உடனே விமானத்துக்கு மாறினார். “பறந்துகினு இருக்கறப்ப நின்னுபோச்சுன்னா எறங்கித் தள்றது யாரு?” என்று அதையும் தரையிறக்கினார் பெரியப்பா. நான் விடாமல் விமானக் கட்சியில் இருந்தேன். அத்தை எங்கள் மாடிக்கு மேலே பறந்து வந்து கையாட்டுவாள் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

கடைசியில், அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று தீர்ப்பானது. பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வருவதுதான் சாமி வாக்கு. தரைப்படைக்கு உடுப்பின் பச்சை நிறத்துக்காக மரிக்கொழுந்து, கப்பலுக்கு நீலச் சங்குப்பூ, விமானத்துக்கு மல்லி. “கல்யாணத்துக்கு ஒரு கனகாம்பரமும் இருக்கட்டும்” என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார் பெரியப்பா. மூன்று பொட்டலம் அத்தைக்கு எதிராக, ஒன்றே ஒன்று அவள் பக்கம். அத்தையின் முகம் சுண்டிப்போனது.

ஆனால் கோயில் வாசலில் அவளே, “நான் கட்டறேண்ணா, கட்டுப் போட்ற கை” என்று பூக்களை வாங்கிக்கொண்டு அம்மாவுடன் ஒதுங்கினாள். திரும்பி வந்தபோது நான்கு பொட்டலமும் ஆஸ்பத்திரிக் கட்டுப்போல ஒரே அச்சாக இருந்தன. அம்மா என் காதோரம் இரண்டு சங்குப்பூவைச் செருகிவிட்டாள்.

கூட்டத்தில் நசுங்கிப் பூசாரி முன்னால் போய் நின்றோம். மல்லியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் குனிந்து ஒவ்வொன்றாக மோந்தேன்.

“அம்மா, எல்லாத்துலயும் மரிக்கொழுந்து வாசன...”

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. “ஆத்தா வந்துட்டா, அதான் மணக்குது” என்றார் பூசாரி. பெரியப்பாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் மரிக்கொழுந்து.

முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர் பெரியப்பாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஆத்தாளே அனுப்பறப்ப நான் யாரு? போய்ட்டு வாம்மா” என்றார். மற்றப் பொட்டலங்களை நோக்கி அவர் கை நீண்டது. “சாமி வேணாம்னு தள்ளுனத பிரிக்கக் கூடாதுண்ணா” என்று அத்தை அவற்றை வாரி மடியில் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அத்தைக்கு எலுமிச்சம்பழமே வேண்டியிருக்கவில்லை. கொண்டை கொள்ளாமல் மரிக்கொழுந்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் அழுகை முட்டியது. அவள் போகப்போகிறாள், அதுவும் விமானம் இல்லாமல். அதைவிட ஆத்திரம் அம்மா மேல். காலையில் வெறும் தலையோடு கிளம்பியவள் இப்போது மல்லியும் கனகாம்பரமுமாக ஜோராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு மட்டும் இரண்டு வாடிய சங்குப்பூ! கோயிலுக்கு வந்த இடத்தில் தனக்கு மட்டும் பூ வாங்கிக்கொண்ட அம்மாவோடு செஞ்சி வரும்வரை நான் பேசவே இல்லை.