தெற்குக் கோல் பக்கத்து ஜெயவேலு

1988 ஆகஸ்டு 13, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி அளவில் ஜெயவேலுவை முதன்முதலாகச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிட, அவரால் ஓரம் கட்டப்பட்டேன் என்பதே பொருந்தும். எங்கள் கல்லூரி ஆண்டுதோறும் நடத்தும் கால்பந்துப் போட்டியின் காலிறுதி ஆட்டம் அது. இடைவேளை விசில் ஒலித்ததும், வடக்குக் கோலுக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டம் முழுவதும் மைதானத்தை ஒட்டிய மண்பாதை வழியே தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. பாதையின் நடுவே நின்று தேநீர் அருந்திக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். கூட்டத்தின் முன்னால் வந்த காக்கிச் சட்டைக்காரர் என் தோளைத் தொட்டார்.

"இன்னா சார், ஃபுட்போர்டுல நிக்கிற மாதிரி நின்னுகினு கீறீங்க? ஒண்ணு எறங்கிக்கோங்க, இல்லாட்டி எங்களோட வாங்க. பின்னாடி ஜனம் வருது பாருங்க."

நான் அவர்களோடு போனேன். போகும்போதே அவர் வழக்கத்தை விளக்கினார். கல்லூரி அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ, அந்தக் கோலின் பின்னால்தான் ஊர் ரசிகர்கள் நிற்பார்கள். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும், ரசிகர்களும் மாறுவார்கள். "நம்ப பசங்க கோல் போடுறத எதிர்ல நின்னு பாக்கணும் சார். முதுகப் பாக்குறதுக்கா வரோம்?" என்றார்.

ஜெயவேலு தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் செல்லும் பேருந்தில் நடத்துநர். பிறந்தது இரும்புலியூர். தந்தையார் கல்குவாரியில் உழைத்து இவரைப் பத்தாம் வகுப்புவரை படிக்க வைத்தார். கல்லூரி வகுப்பறையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பந்தைக் காலால் தொட்டதும் இல்லை. ஆயினும் எங்கள் அணியின் ஆட்டம் எதையும் அவர் தவறவிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலைகளுக்காகத் தீபாவளியன்றும் பொங்கலன்றும் சக நடத்துநர்களின் பணியைத் தாம் ஏற்றுக்கொள்வார். பண்டிகை நாளில் கணவர் வீட்டில் இருந்ததே இல்லை என்று அவருடைய மனைவி அங்காளம்மாள் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. இடைவேளையில் கூட்டத்தை நடத்திச் செல்லும் பொறுப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது, குரலும் இருந்தது. அது போதுமானதாயிற்று.

மறு ஆண்டு, மைதானத்தைச் சுற்றிப் பார்வையாளர் கேலரி கட்டக் கல்லூரி நிர்வாகம் முடிவு செய்தது. வரைபடத்தை உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் ஒட்டினார்கள். ஊர் ரசிகர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் ஒன்றைக் கூட்டுமாறு, தமிழ்த் துறையில் இருந்த என்னிடம் முதல்வர் சொன்னார். அடுத்த வாரத் திங்களன்று அடித்தளம் தோண்டத் தொடங்குவதாக இருந்தது. ஆகவே, கருத்துக் கேட்பது ஒரு மரியாதைக்காகவே என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வரைபடத்தில் வடக்கே பிறை வடிவில் உயரமான கேலரி, அதன் மேல் கூரை.

"இது இன்னா, தர்பூசணி பத்த மாதிரி கீது?" என்றார் ஒருவர்.

"பத்தையோ பழமோ, மேல ஷீட் போடுறாங்கோ. அது ஒண்ணு போதும்பா. மழையில நனைஞ்சிகினே பாத்து எனுக்குச் சளியே போவ மாட்டேங்குது." இதைச் சொன்னவர் ரயில்வே பணிமனைத் தொழிலாளி குப்புராஜ், ஜெயவேலுவின் நெருங்கிய நண்பர்.

"ஷீட் போட்டா தூண் வரும். தூண் வந்தா கோலு மறையும். உனுக்குச் சளி போவணுமா, கோலு தெரியணுமா?" என்றார் முதலில் பேசியவர்.

"ரெண்டும் வோணும். காலேஜ் கட்டுது, உன் வூட்டுக் காசா?"

ஜெயவேலுவின் விரல் வரைபடத்தின் தெற்குப் பகுதியில் நின்றிருந்தது.

"இங்க இன்னா சார் தடியா ஒரு கோடு?"

"சுவர். அதற்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தம்" என்றேன்.

"அப்போ செகண்ட் ஹாஃப்ல நாங்க எங்க போறது?"

கூரையைப் பற்றிய சண்டை அந்தக் கேள்வியில் நின்றுபோயிற்று. தெற்கே சுவர் எழுந்துவிட்டால், பிற்பாதி ஆட்டத்தை அவர்கள் மைதானத்தின் மறுகோடியிலிருந்தே பார்க்க வேண்டும். கட்டிய சுவரை யாரும் இடிக்கப் போவதில்லை.

கட்டடக் கலைஞர் கஸ்தூரிரங்கன் கூட்டத்துக்கு வந்திருந்தார். குரோம்பேட்டையைச் சேர்ந்த இளைஞர். அவருக்கு இது முதல் பெரிய வேலை. அவர் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார்.

"நான் சும்மா போடலைங்க. மேட்ச் நடக்கும்போதே வந்து, ஹாஸ்டல் மாடியிலேருந்து எடுத்தேன். பாருங்க, வடக்குல நிக்க இடமில்ல. தெற்குல ஒரு ஆள் கிடையாது."

"எம்மா நேரம் இருந்தீங்க சார்?" என்று ஜெயவேலு கேட்டார்.

"ஹாஃப் டைம் வரைக்கும். அப்புறம் வேற ஒரு சைட்டுக்குப் போக வேண்டியிருந்தது."

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது.

"இன்டர்வெல்லோட எழுந்து போய்ட்டு, மொத்தக் கதையையும் சொல்றாரு பாரு மச்சான்!" என்று குப்புராஜ் கத்தினார். இளைஞரின் முகம் சிவந்துவிட்டது.

ஜெயவேலு விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார். ஓடும் பேருந்தே நின்றுவிடும் ஊதல் அது.

"இன்னாடா சிரிப்பு? நாம இங்கியும் அங்கியும் ஓடிகினே இருந்தா மனுசன் எப்பிடிக் கண்டுபிடிப்பாரு? சார், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. சனிக்கிழமை மேட்ச் கீது. எங்களோட நின்னு முழுசாப் பாருங்க. அதுக்கப்பறம் நீங்க சொல்றதுதான்."

சனிக்கிழமை நண்பகல் முதல் மழை. ஆட்டம் நின்றுவிடுமோ என்று ஜெயவேலு மைதானத்துக்கும் வாயிலுக்கும் நடந்தபடி இருந்தார். ஆட்டம் நின்றால் சுவர் நிச்சயம். நான்கு மணிக்கு மேல் மழை விட்டது. குடையோடு கஸ்தூரிரங்கனும் வந்து சேர்ந்தார். முதற்பாதியில் அவரை வடக்குக் கோலின் பின்னால் நிறுத்தினார்கள். எங்கள் அணி ஒரு கோல் வாங்கியது. இடைவேளையில் ஜெயவேலுவின் விசில் ஒலித்தது.

"போலாம் ரைட்! முன்னாடி நவுரு, முன்னாடி காலியா கீது!"

கூட்டம் சேற்றுப் பாதையில் திரண்டு நகர்ந்தது. கஸ்தூரிரங்கன் விரும்பினாலும் நின்றிருக்க முடியாது. தெற்கே வந்து சேர்ந்தபோது அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை. அவர் திரும்பி வடக்கே பார்த்தார். அங்கே ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாமே சிரிக்கத் தொடங்கினார். எங்கள் அணி ஒரு கோல் போட்டபோது, பக்கத்தில் நின்ற குப்புராஜ் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். இறுதியில் ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

திங்களன்று காலை, வரைபடத்தைத் திருத்த அனுமதி கேட்டு முதல்வர் அறைக்குச் சென்றோம். தோண்டும் நாளில் திருத்தமா என்று முதல்வர் சினந்தார். "யாருடைய கவனக்குறைவு இது?" என்று கேட்டார். கஸ்தூரிரங்கன் எழுந்தார். அவர் வாய் திறந்திருந்தால் அந்த வேலை அவர் கையைவிட்டுப் போயிருக்கும். காலைப் பணிக்குச் செல்லும் வழியில் எங்களுடன் வந்திருந்த ஜெயவேலு முந்திக்கொண்டார்.

"ஐயா, இவுரு போட்டது சரிதான். ரெண்டு பக்கமும் படி வோணும்னு நாங்கதான் தொந்தரவு பண்ணோம். எங்க பேச்சக் கேட்டு மாத்தித் தராரு. அவ்ளோதான் விசயம்."

"செலவு?" என்றார் முதல்வர்.

"அதிகம் ஆகாது சார். வடக்குல உயரத்தைக் குறைச்சு, அதைத் தெற்குல போட்டுடறேன். நடுவுல பாதை அப்படியே இருக்கும்" என்றார் கஸ்தூரிரங்கன்.

முதல்வர் எங்களை ஒருமுறை பார்த்தார், கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் ஜெயவேலு வேப்பமரத்தடியில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா" என்றார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. கஸ்தூரிரங்கன் அவர் எதிரில் தாமும் குந்தினார்.

"அண்ணா, நீங்க வீடு கட்டும்போது பிளான் நான்தான் போடுவேன். இது என் கடன். சார்தான் சாட்சி."

"சரி சார், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜெயவேலு பேருந்து நிலையத்துக்கு விரைந்தார்.

கேலரி 1991இல் திறக்கப்பட்டது. படி உயரம் என்றும், ஷீட் ஒழுகுகிறது என்றும் ரசிகர்கள் இன்றுவரை குறை கூறுகிறார்கள். இடைவேளையில் பாதையில் நடந்துகொண்டே கூறுகிறார்கள்.

முடிச்சூரில் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில் ஜெயவேலு ஒரு மனை வாங்கினார். 1995இல் வீடு எழுந்தது. புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். சமையலறை இருட்டாக இருந்தது. சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது.

"காத்தே வர்ல சார். மேஸ்திரி அவுரு இஷ்டத்துக்குக் கட்டிட்டாரு" என்றார் அங்காளம்மாள்.

கஸ்தூரிரங்கனிடம் ஏன் சொல்லவில்லை என்று ஜெயவேலுவிடம் கேட்டேன்.

"அவுரு இப்போ பெரிய பெரிய வேலையா எடுத்துகினு கீறாரு சார். இருக்கட்டும். நீங்க சாப்புடுங்க, பாயசம் ஆறுது."

அதன் பின்னும் கஸ்தூரிரங்கன் என்னைக் காணும்போதெல்லாம், "அண்ணா ஏதாவது கேட்டாரா சார்?" என்று விசாரிப்பார். இல்லை என்பேன். மூன்று ஆண்டுகள் கழித்து ஜெயவேலு மாடி கட்டினார். அதற்கும் அந்த மேஸ்திரியையே அழைத்தார்.